மிதி, மதி, ஒரு பிரேக் பெடல்

சென்ற மாதம் என் மகளின் காரை கொச்சியில் இடப்பள்ளிக்கு அருகே இருக்கும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனோம். கண்ணாடிச் சுவர், ஏ.சி., உட்கார மெத்தை நாற்காலி, குடிக்கக் காப்பி எல்லாம் இருந்தது. நாங்கள் கொண்டு போன காரைத் தவிர மற்ற எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. காரை உள்ளே ஓட்டிக்கொண்டு போனவர்கள் வெகுநேரம் கழித்து ஓர் இளைஞரை அனுப்பினார்கள். முன் சக்கரத்து பிரேக் பேடு தேய்ந்துவிட்டதாம், கூடவே டிஸ்க்கையும் மாற்ற வேண்டுமாம். அவர் சொன்ன தொகையைக் கேட்டு என் மகள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். தேய்ந்த பேடைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றேன். வண்டிக்காரர்களுக்கு உள்ளே வர அனுமதி இல்லை என்றார். சரி, வெளியே எங்கேயாவது மாற்றிக்கொள்கிறோம் என்றாள் மகள். உடனே அவர் மிகுந்த மரியாதையுடன், வெளியே மாற்றினால் அப்புறம் எது நடந்தாலும் கம்பெனி பொறுப்பில்லை என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு, மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திராவிட்டால் அங்கே ஒரு கலாட்டாவே நடந்திருக்கும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார். ஆனால் அந்தப் பொறுப்பில்லை என்ற சொல்லை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லால் ஒரு மனிதர் தொழிலை இழக்க இருந்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சில நாட்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சமையல் குறிப்பு வரும் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. பிரேக்கைப் பற்றி எழுதுகிறேன், போட்டால் போடட்டும்.

என் பெயர் பேச்சியம்மாள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரிக் கடைவீதியில் அரிசி மூட்டை சுமந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். முதலில் சுக்குப் பண்டகசாலையில் சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் அங்கே வேலை இருக்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் ஹம்ஸக்காவின் கடைக்குப் போய்க் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைக்குமா என்று கேட்டேன். ஹம்ஸக்கா என்றால் அக்கா இல்லை, ஆண்தான்; இங்கே முஸ்லிம் பெரியவர்களை இக்கா என்பார்கள், அண்ணன் மாதிரி. அவருடையது மோட்டார் வண்டிகளுக்கு பிரேக் லைனர் அடித்துக் கொடுக்கும் கடை. லைனர் அடித்துக்கொண்டிருந்த ஆள் அந்த வாரம்தான் கல்ஃபுக்குப் போயிருந்தார். ஹம்ஸக்கா துடைப்பத்துக்குப் பதிலாகச் சுத்தியலை எடுத்துக் கொடுத்தார். "ரெண்டு மாசம் நோக்காம். பின்னே பறயாம்" என்றார், பார்ப்போம், பிறகு சொல்கிறேன் என்று. பிறகு எதுவும் பறையவில்லை. நான் பாட்டுக்கு அங்கேயே இருந்துவிட்டேன், அந்தக் கடை மூடுகிறவரை.

வேலை கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விரல் நசுங்கியது, நகம் கறுத்து விழுந்தது, பெண்பிள்ளை சுத்தியல் பிடிக்கிறதைப் பார்க்கத் தெருவில் போகிறவர்கள் நின்றார்கள், பிறகு பார்த்துப் பார்த்து அலுத்துப் போய் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அவ்வளவுதான்.

வேலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அந்தக் காலத்து அம்பாசடரின் சக்கரத்துக்குள் டிரம் என்று ஓர் இரும்புச் சட்டி இருக்கும். அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூ. ஷூ இரும்பு. அதன் முதுகில் ரிவெட் அடித்து ஒட்டியிருக்கும் பட்டைதான் லைனர். பிரேக் பிடிக்கும்போது டிரம்மில் உரசித் தேய்வது லைனர் மட்டுமே. ஷூ தேயாது. தேய்ந்த லைனரைக் கழற்றி எறிந்துவிட்டு அதே ஷூவில் புது லைனரை அடித்தால் வண்டி முன்போலவே நிற்கும். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் அப்படிச் செய்ய மாட்டார்கள். லைனர் தேய்ந்தால் ஷூவையே தூக்கிப் போட்டுவிட்டு, பெட்டியில் வரும் புது ஷூவைப் போடுவார்கள். சட்டையில் பொத்தான் அறுந்தால் புதுச் சட்டை எடுத்துக்கொள் என்பது மாதிரி. நாங்கள் வாங்கிய கூலியும் லைனர் விலையும் சேர்ந்தால்கூட அவர்கள் விலையில் ஐந்தில் ஒரு பங்கு வராது. ஒரு டாக்ஸிக்காரருக்கு அந்த வித்தியாசம் வீட்டில் அடுப்பு எரிகிற விஷயம்.

மலிவு என்றதும் அரைகுறை வேலை என்று நினைப்பவர்கள் ஹம்ஸக்காவைப் பார்த்ததில்லை. பழைய ரிவெட்டை உளியால் வெட்டி எடுக்க விடமாட்டார். வெட்டினால் துவாரம் நீண்டுவிடும், புது ரிவெட் ஆடும் என்பார். துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஷூவில் இருக்கும் துருவைச் சுரண்டி, அது எங்கேயாவது முறுக்கியிருக்கிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். புது லைனரை வைத்து முதலில் நடு ரிவெட்டை அடிக்க வேண்டும். பிறகு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் லைனர் பொங்கி நிற்கும், சூட்டில் விரிசல் விடும். அடித்து முடித்ததும் ஹம்ஸக்கா பீடிக் கட்டின் காகிதத்தைக் கிழித்து, லைனருக்கும் ஷூவுக்கும் நடுவே நுழைத்துப் பார்ப்பார். காகிதம் நுழைந்தால் எல்லா ரிவெட்டையும் எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டியதுதான். கடைசியில் டிரம்மின் உள்பக்கம் சாக்கட்டியைப் பூசி, ஷூவை வைத்துச் சுற்றி, லைனரில் எங்கே வெள்ளை ஒட்டுகிறது என்று பார்ப்போம். ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் அரத்தால் ராவ வேண்டும்.

ஹம்ஸக்கா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும், என்ன சொல்கிறார் என்று கேட்கக் குனிய வேண்டியிருக்கும். வேலை சரியில்லை என்றால் திட்ட மாட்டார். அந்த ஷூவை எடுத்துக்கொண்டு போய், வண்டிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் அவர்களுக்கு நடுவே வைத்துவிடுவார். திட்டுவதே மேல் என்று தோன்றும். டிரம்மில் பள்ளம் விழுந்திருந்தாலோ ஷூ வளைந்திருந்தாலோ தொடவே மாட்டார். "இது வேண்டா. கம்பெனியில போயி புதுசு மேடிச்சோ" என்று, புதிதாகவே வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவார். வந்த வேலையை இப்படித் திருப்பி அனுப்புகிறாரே என்று எனக்கு வயிறு எரியும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த லைனரில் கல்நார் இருந்தது, ஆஸ்பெஸ்டாஸ் என்பார்களே, அது. ராவும்போது தூசி மாவு மாதிரி பறக்கும். ஹம்ஸக்கா தரையில் ஈரச்சாக்கு விரித்து வைப்பார், அது தூசி கண்ணில் விழாமல் இருக்க. அது நெஞ்சுக்குள் போய் உட்காரும் என்று லைனர் செய்த கம்பெனியும் சொல்லவில்லை, விற்ற கடையும் சொல்லவில்லை. ஊரெல்லாம் ராவி முடித்த பிறகுதான் எங்கள் காதுக்கு வந்தது. இன்றைக்கும் மழை பிடித்தால் எனக்கு இருமல் நிற்காது.

இனி மிதிக்கு வருகிறேன். பெடலை மிதித்தால் குழாய் வழியாக ஆயில் ஓடிப் போய் ஷூவை டிரம்மோடு அழுத்தும். அந்தக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால் குழாயைத் திறந்து வேலை செய்தால் கடைசியில் ஏர் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிப்பார். மற்றவர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு நிப்பிள் என்னும் சின்னத் திருகைத் திறப்பார். ஆயிலும் காற்றும் குமிழி விட்டு வெளியே வரும். திருகை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். திறந்திருக்கும்போது எடுத்தால் வெளியே போன காற்று வந்த வழியே உள்ளே ஏறிவிடும்.

நான் சேர்ந்த புதிதில் ஹம்ஸக்கா கீழே படுத்திருந்தார், நான் சீட்டில். அவர் கீழிருந்து "மதி" என்றார். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். எனக்கு அது தெரியாதா என்ன, பிறந்ததிலிருந்து கேட்கிற சொல். ஆனால் காலடியில் பெடல் இருக்கும்போது என் காதில் மிதி என்றுதான் விழுந்தது. முதலாளி மிதிக்கச் சொல்கிறாரே என்று காலைத் தூக்கி ஓங்கி மிதித்தேன். மீதி ஆயில் முழுவதும் அவர் தாடியில். அவர் எழுந்து போய்ச் சோப்புப் போட்டு முகம் கழுவிவிட்டு, ஜன்னல் அருகே வந்து, குனிந்தால்தான் கேட்கும் குரலில் சொன்னார். "பேச்சி, இன்னு முதல் ஈ கடையில மிதியும் இல்ல, மதியும் இல்ல. சவிட்டு, பிடி, விடு. மூணு வாக்கு மதி." சொன்ன கையோடு அவரே மதி என்று சொல்லிவிட்டதைக் கேட்டுப் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சவிட்டு என்றால் மலையாளத்தில் மிதி. அன்றிலிருந்து எங்கள் கடையில் தமிழரோ மலையாளியோ, யார் கீழே படுத்தாலும் அந்த மூன்று சொல்தான். நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் நுனியை ஆயில் பாட்டிலுக்குள் முங்க வைக்கவும் செய்தார். அப்படி வைத்தால் யாராவது தவறிக் காலை எடுத்தாலும் ஆயில்தான் திரும்ப ஏறும், காற்று ஏறாது.

எண்பதுகளில் எர்ணாகுளம் பக்கத்துக் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் புதிதாக ஒரு மானேஜர் வந்தார். கம்பெனியின் பெயர் வேண்டாம். எங்கள் மாதிரிக் கடைகளுக்குப் போகும் டாக்ஸிகளைத் தன் பக்கம் இழுப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை போலிருக்கிறது. வெளியே லைனர் அடித்த வண்டிக்கு எது நடந்தாலும் கம்பெனி பொறுப்பில்லை என்று வாசலில் பலகை மாட்டினார். அதோடு நிற்கவில்லை. சக்கரத்துக்குள் ஆயிலைத் தள்ளும் சிலிண்டரைப் போன்ற சின்னச் சாமான்களை யாருக்கும் தனியாக விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். சாமான் வேண்டுமா, வண்டியைக் கொண்டு வா, நாங்களே மாட்டுவோம், மாட்டக் கூலியும் கொடு. அப்போது அந்தச் சாமான் வேறு எங்கேயும் கிடைக்காது. கையில் மருந்தை வைத்துக்கொண்டு, என் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் தருவேன் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வர்கீஸ் சேட்டன் எங்கள் பழைய வாடிக்கை. மட்டாஞ்சேரிப் படகு ஜெட்டி ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டினார். சொந்த வண்டி, வங்கிக் கடன் இன்னும் அடையாத வண்டி. அவருக்கு நான்கு சக்கரத்துக்கும் லைனர் அடித்துக் கொடுத்தோம். டிரம்மைக் கழற்றியபோது பின் சக்கரத்துச் சிலிண்டரில் ஆயில் கசிவதை ஹம்ஸக்கா பார்த்தார். இது மாற்றாமல் ஓட்டக் கூடாது என்றார். சாமான் கம்பெனியில்தான் இருந்தது, அவர்கள் கையில் தர மாட்டார்கள். வேறு வழியில்லாமல் சேட்டன் வண்டியை அங்கே கொண்டு போனார். அவர்கள் சிலிண்டரை மாற்றி, ஏர் எடுத்து, வண்டியை வெளியே விட்டார்கள்.

மறுநாளே பெடல் மெத்தென்று இருக்கிறது என்று அவர் திரும்பப் போய்ச் சொல்லியிருக்கிறார். இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் பிரேக் பிடித்தது, ஒரே மிதியில் பிடிக்கவில்லை. குழாயில் காற்று இருந்தால் அப்படித்தான் இருக்கும். அங்கே கவுண்டரில் இருந்தவர் பெடலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், வெளி லைனர் அல்லவா, படிய நாளாகும், ஓட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் தோப்பும்படிப் பாலத்திலிருந்து இறங்கும்போது முன்னால் அரிசி மூட்டை ஏற்றிய கைவண்டி. சேட்டன் மிதித்தார். பெடல் தரை வரைக்கும் போனது. அவர் ஓரமாகத் திருப்பியும் வண்டி இடித்துவிட்டது. கைவண்டிக்காரர் எங்கள் தெருவில் இருப்பவர். கை எலும்பு முறிந்தது, உயிருக்கு ஆபத்தில்லை. போலீஸ் வந்து சேட்டனின் லைசன்ஸை வாங்கிக்கொண்டார்கள். கம்பெனி வண்டி வந்து காரை இழுத்துக்கொண்டு போனது. மானேஜர் உடனே போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வெளிக் கடையில் போட்ட தரமில்லாத லைனர்தான் விபத்துக்குக் காரணம், அதைத் தெரிந்தே போட்டு ஓட்டியவர் டிரைவர், கம்பெனி பொறுப்பில்லை என்று.

அது அப்படியே நின்றால் லைசன்ஸ் திரும்ப வராது. சேட்டன் எங்கள் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, "எண்ட லைசன்ஸ் போயா பின்னே ஞான் எந்து செய்யும் ஹம்ஸக்கா? எனிக்கு வேற ஒரு ஜோலியும் அறியில்ல" என்றார், லைசன்ஸ் போனால் தனக்கு வேறு வேலை எதுவும் தெரியாது என்று. ஹம்ஸக்கா அவருக்குச் சாயா வாங்கிவரச் சொன்னார். சேட்டன் குடிக்காமல் அது ஆறிப் போனது.

விபத்து நடந்த வண்டியைச் சோதிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வருவார். கம்பெனி யார்டில்தான் சோதனை. லைனர் அடித்த கடைக்காரரும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஹம்ஸக்கா என்னையும் கிளம்பச் சொன்னார். அடித்தது நீ, கேட்டால் நீதான் சொல்ல வேண்டும் என்றார். நான் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். சேட்டனும் வந்திருந்தார்.

மானேஜர் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் இருந்தார். வண்டிக்கு நான்கடி தள்ளியே நின்றார், கிரீஸ் பட்டுவிடும் என்று. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஹம்ஸக்காவிடம், "இவளாணோ ரிவெட் அடிச்சது?" என்று, இவளா அடித்தாள் என்கிற மாதிரி கேட்டார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் அந்தச் சிரிப்புக்கு எந்த மொழியும் தெரிய வேண்டாம். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. வயதானவர், அவருக்கு வேலை முடிய வேண்டும். டிரம்மைக் கழற்றச் சொன்னார்.

நான்கு டிரம்மையும் கழற்றினார்கள். லைனரை நகத்தால் கீறிப் பார்த்தார், ரிவெட்டின் தலையைத் தடவிப் பார்த்தார். "லைனருக்கு ஒரு குழப்பமும் இல்லல்லோ" என்றார், லைனரில் கோளாறு எதுவும் இல்லையே என்று. மானேஜர் விடவில்லை. பார்வைக்கு அப்படித்தான் இருக்கும், சூடானால்தான் குணம் தெரியும் என்றார். இன்ஸ்பெக்டர் டிரம்மை மாட்டச் சொல்லிவிட்டு, தானே சீட்டில் ஏறி ஒருமுறை மிதித்தார். பெடல் போய்க்கொண்டே இருந்தது. வேகமாக மூன்று முறை மிதித்தார். மேலே வந்தது. இறங்கி வந்து, கடைசியாக இதில் ஏர் எடுத்தது யார் என்று கேட்டார்.

செல்வம் என்று ஒரு பையன் வந்து நின்றான். இருபத்து மூன்று, நான்கு வயது இருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பழைய ஃபிட்டர் விடுப்பில் போனதால் அன்று இவனைக் கீழே படுக்க விட்டிருக்கிறார்கள். சீட்டில் உட்கார்ந்தவர் சசி, அங்கேயே பல வருஷமாக இருக்கும் ஹெல்ப்பர், வைப்பின் தீவுப் பக்கத்து மலையாளி. இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் கேட்டது செல்வத்துக்குப் பாதிதான் புரிந்தது. "எல்லாம் சரியாத்தானுங்க பண்ணுனேன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த ‘ங்க’வைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே முன்னால் போனேன்.

"தம்பி, கீழ படுத்துக்கிட்டு மேல இருக்கவருகிட்ட என்ன சொன்னே?"

"ஸ்பேனரால ஒரு தட்டு தட்டுனா அவரு மிதிச்சுக்குவாருங்க. நிப்பிளத் தெறந்ததும் பெடல் எறங்குமில்லைங்க, அப்ப விடக் கூடாதுன்னு மிதி, மிதின்னு சொன்னேனுங்க அக்கா."

நான் சசியிடம் திரும்பினேன். இவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். அவர் சந்தேகமே இல்லாமல் சொன்னார். "மதி, மதி எந்நு பறஞ்ஞு. ஞான் காலெடுத்து."

ஹம்ஸக்கா தன் தாடியைத் தடவிக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும் போலிருக்கிறது, உடனே விளங்கிவிட்டது. ஆனாலும் வாயால் சொன்னதை எழுத முடியாது, அன்றைக்குச் செய்த மாதிரியே செய்து காட்டுங்கள் என்றார். சசி சீட்டில் ஏறினார். செல்வம் கீழே படுத்தான். நிப்பிளுக்கு ரப்பர் குழாய் இல்லை, ஆயில் பாட்டில் இல்லை, ஆயில் ஒழுக ஒரு பழைய டப்பா மட்டும். அவ்வளவு பெரிய ஒர்க்‌ஷாப், அவ்வளவு விலை, ஒரு முழ ரப்பர் குழாய்க்கு வக்கில்லை. ஸ்பேனரால் தட்டினான். சசி மிதித்தார். திருகைத் திறந்ததும் செல்வம், "மிதி, மிதி" என்றான். இவ்வளவு பேச்சுக்குப் பிறகும், பழக்க தோஷத்தில் சசியின் கால் மேலே வந்தது. நிப்பிள் காற்றை உறிஞ்சுகிற சத்தம் நின்றிருந்த எல்லோருக்கும் கேட்டது.

மானேஜர் மட்டும், பாஷை தெரியாததெல்லாம் கம்பெனியின் குற்றமாகுமா என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "சாரே, தமிழனைக் கீழ கிடத்தி, மலையாளியை மேல உக்கார வச்சது ஆரு? அவங்களுக்கு நடுவில ஒரு வாக்கு வேணும்னு ஆரும் யோசிச்சில்லே. எங்க ஓட்டைக் கடையில யோசிச்சாச்சு" என்றேன். என் மலையாளம் கோபத்தில் பாதி தமிழாகிவிடும், அதனால் அப்படியே எழுதுகிறேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இன்ஸ்பெக்டரிடம்தான் பேசினார், இவர்களை யார் உள்ளே விட்டது என்று.

இன்ஸ்பெக்டர், ஒழுங்காக ஏர் எடுங்கள், வண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றார். செல்வம் எழுந்து வந்து என் முன்னால் நின்றான். "அக்கா, நீங்க சீட்ல உக்காருங்க. உங்க பேச்சுதான் எனக்குப் புரியுதுங்க" என்றான். ஹம்ஸக்கா தலையசைத்தார். அவர் தன் பையிலிருந்து எங்கள் கடை ரப்பர் குழாயை எடுத்துக் கொடுத்தார். என்ன நினைத்து அதைக் கொண்டு வந்தாரோ, நான் கேட்டதில்லை.

நல்ல சேலையோடு அம்பாசடரின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி நான்கு சக்கரத்துக்கும் ஏர் எடுத்தோம். செல்வத்துக்கு நான் மூன்று சொல்லைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். "சவிட்டு" என்பான், மிதிப்பேன். "பிடி" என்பான், பிடிப்பேன். "விடு" என்பான், விடுவேன். என் கெண்டைக்கால் மரத்துப் போனது. கடைசிச் சக்கரம் முடிந்தபோது பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றது. இன்ஸ்பெக்டர் தானே ஓட்டிப் பார்த்தார். யார்டின் அந்தக் கோடி வரை போய், திரும்பி வேகமாக வந்து ஒரே மிதி. டயர் தரையில் கோடு போட்டு வண்டி நின்றது. அப்படியே வண்டியின் முன்மூடியின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். லைனரில் குறை இல்லை, கடைசியாக ஏர் எடுத்ததில் குறை, டிரைவரின் தவறு அல்ல. எழுதியதைச் சேட்டனுக்குப் படித்துக் காட்டினார். வர்கீஸ் சேட்டன் வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், என்னுடையது முக்கால்வாசி ஆத்திரம்.

அன்று மாலையே செல்வத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சசியை நிறுத்தவில்லை, அவருக்கு யூனியன் இருந்தது. நிறுத்த வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, அவர் மேல் என்ன குற்றம்? ஆனால் ரப்பர் குழாய் வாங்கிக் கொடுக்காதவர் மேல் குற்றம் இல்லையா? மெத்தென்று இருக்கிறது என்று வந்து சொன்னவரை ஓட்டு என்று அனுப்பிய கவுண்டர்க்காரர் மேல் இல்லையா? பார்க்காமலே எழுதிக் கொடுத்த மானேஜர் மேல் இல்லையா? அவர்கள் எல்லோரும் அடுத்த நாள் வேலைக்கு வந்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் வந்த பையன்தான் பெட்டியைத் தூக்கினான். ஹம்ஸக்கா அவனை எங்கள் கடைக்குக் கூட்டிவரச் சொல்லி அவன் தங்கியிருந்த லாட்ஜுக்கு ஆள் அனுப்பினார். அதற்குள் அவன் ரயில் ஏறிவிட்டான். எங்கள் தெருவில் சிலர், நம்ம ஊர்ப் பையனை நீதான் மாட்டிவிட்டாய் என்று என்னிடமே சொன்னார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. பேசாமல் இருந்திருந்தால் சேட்டன் போயிருப்பார். பேசினேன், இவன் போனான். மூன்றாவதாகப் போக வேண்டிய ஆள் இருக்கிறாரே என்று யாருக்கும் தோன்றவில்லை.

சேட்டனுக்கு லைசன்ஸ் கைக்கு வந்தது. வந்த அன்றே வண்டியை எடுக்கக் கம்பெனிக்குப் போனார். பில்லைக் கட்டாமல் கேட்டைத் திறக்க மாட்டோம் என்றார்கள். என்ன பில் என்று கேட்டதற்கு ஒரு தாளைக் கொடுத்தார்கள். அவருக்கு வண்டி ஓட வேண்டும், ஸ்டாண்டில் இடம் போய்விடக் கூடாது. அங்கேயே யாரிடமோ கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு, நேராக எங்கள் கடைக்கு ஓட்டிவந்து, தாளை ஹம்ஸக்காவிடம் கொடுத்தார்.

ஹம்ஸக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து படித்தார். வண்டியை இழுத்து வந்ததற்கு, யார்டில் நிறுத்தியதற்கு, டிரம் கழற்றி மாட்டியதற்கு, ஆயிலுக்கு. கடைசி வரியில் நின்றார். குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது, நான் குனிய வேண்டியிருந்தது.

"பேச்சி, நீ எப்பளாணு கம்பெனியில ஜோலிக்குச் சேந்தது?"

அந்த வரியை அவர் விரலால் காட்டினார். பிரேக் ஏர் எடுத்ததற்கு லேபர் சார்ஜ், இரண்டு ஆள். ஓர் ஆளை அன்றைக்கு மாலையே அனுப்பிவிட்டார்கள். இன்னோர் ஆள் நான்.